சாவி கைக்கு வருவதற்கு முன்: ஒற்றைச் சம்பளத்தில் சென்னைக்குக் குடிபெயர்தல்

சிற்றூரிலிருந்தோ மாவட்டத் தலைநகரத்திலிருந்தோ சென்னைக்குக் குடிபெயர நினைக்கும் ஒரு குடும்பம் பெரும்பாலும் இரண்டு எண்களை வைத்தே முடிவெடுக்கிறது. புதிய வேலையில் கிடைக்கப்போகும் சம்பளம் ஒன்று. அங்கே கொடுக்க வேண்டியிருக்கும் வாடகை மற்றொன்று. சம்பளத்தில் வாடகையைக் கழித்து, மிச்சத்துக்குள் மளிகை, பள்ளிக் கட்டணம், போக்குவரத்து ஆகியவை அடங்கிவிட்டால் போகலாம் என்றும், அடங்காவிட்டால் ஊரிலேயே இருந்துவிடலாம் என்றும் கணக்கு முடிக்கப்படுகிறது. இந்தக் கணக்கில் பிழையில்லை என்றாலும் இது பாதிக் கணக்குதான். ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் குடும்பம் மாநகரத்தில் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த மாதக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன: முதல் சம்பளம் வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய மொத்தப் பணத்திலும், ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் கரைந்துபோகும் தொகையிலும், சம்பளமே இல்லாமல் வீட்டுக்குள் உழைக்கும் இன்னொருவரின் நேரத்திலும் அவை இருக்கின்றன.

'மிதமான வருமானம்' என்ற சொல்லை இங்கே வரையறுத்துக்கொள்வது நல்லது. மாதம் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை கையில் வாங்கும் ஒருவர், அவருடைய வாழ்க்கைத் துணை, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள் என்ற நால்வர் குடும்பத்தையே இக்கட்டுரை மனத்தில் கொள்கிறது. தொழிற்சாலை மேற்பார்வையாளர், தனியார் நிறுவனக் கணக்கர், மருந்துக்கடை ஊழியர், கிடங்குப் பொறுப்பாளர் எனப் பலர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். இவர்களுடைய நிலையில் ஒரு தனித்தன்மை உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் சிறு பங்கு செலுத்த, அதற்கு ஈடாக மருத்துவமும் நோய்க்கால உதவித்தொகையும் கிடைக்கும் ஈ.எஸ்.ஐ. திட்டம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கானது. 2017 தொடக்கத்தில் வைக்கப்பட்ட உச்சவரம்பு அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், அதாவது மாதம் 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். மாதம் 26,000 ரூபாய் வாங்கும் ஒருவருடைய குடும்பம் இந்த மூன்று வரம்புகளையும் தாண்டிவிடுகிறது. ஆனால் தனியார் மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்தால் அந்தச் செலவைத் தாங்கும் நிலையில் அது இல்லை. ஏழை என்று அரசின் ஏடுகளில் பதிவாகாமலும், வசதியுள்ளவர் என்று வாழ முடியாமலும் இருக்கும் இந்த இடைப்பட்ட பட்டைதான் மாநகர வாடகைக்கு மிக எளிதில் ஆட்படுகிறது.

வருமானத்துக்கும் வாடகைக்கும் உள்ள தொடர்பைப் பொருளியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். பெர்லின் நகரப் புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே 1868இல், வருமானம் குறையக் குறைய அதில் வாடகைக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று அந்நகரத்துத் தரவுகளைக் கொண்டு காட்டினார். அது 'ஷ்வாபே விதி' என்ற பெயரில் நிலைத்துவிட்டது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று இன்று பலரும் சொல்லும் அளவுகோல் அமெரிக்கப் பொதுக் குடியிருப்புச் சட்டங்களிலிருந்து வந்தது. அங்கு 1969இல் 25 விழுக்காடாக இருந்த வரம்பு 1981இல் 30 ஆக உயர்த்தப்பட்டது. இந்த அளவுகோலில் ஒரு குறை இருப்பதை மைக்கேல் ஸ்டோன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். தனியாளுக்கும் நால்வர் குடும்பத்துக்கும் ஒரே விழுக்காட்டைச் சொல்வது பொருந்தாது என்பதும், வாடகை கொடுத்தபின் எஞ்சும் பணத்தில் மற்றத் தேவைகள் நிறைவேறுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்பதும் அவர் வாதம். இதனை 'எச்ச வருமான முறை' எனலாம். 26,000 ரூபாயில் 9,000 ரூபாய் வாடகை என்பது ஏறத்தாழ 35 விழுக்காடு. தனியாளுக்கு மீதி 17,000 தாராளமானது. நால்வருக்கு அது ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதியோடு முடிந்துவிடக் கூடியது.

ஆனால் ஷ்வாபேயும் ஸ்டோனும் கண்ட நகரங்களில் இல்லாத, அல்லது இந்த அளவுக்கு இல்லாத, ஒன்று சென்னையில் உண்டு, அது அட்வான்ஸ். வீட்டு உரிமையாளர் குடியேறுவோரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்யும்போது வட்டியில்லாமல் திருப்பித் தரும் தொகைதான் அட்வான்ஸ். ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்நகரத்தின் சாதாரண வழக்கம். இப்போதும் ஐந்து, ஆறு மாதங்கள் கேட்கப்படுவது உண்டு. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் சட்டம், முன்வைப்புத் தொகையின் அளவாக மூன்று மாத வாடகையைக் குறிப்பிடுகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில், அதாவது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம், பதிய வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. வீடு தேடி அலைந்து களைத்த குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசும் வலிமை கிடையாது. அந்த வீட்டுக்கு இன்னும் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது உரிமையாளருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும், வந்து நிற்பவருக்கும் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து வரும் குடும்பம் தாம்பரத்துக்குத் தெற்கே 9,000 ரூபாய் வாடகைக்கு ஒரு படுக்கையறை வீட்டைப் பிடிப்பதாகவும், ஐந்து மாத அட்வான்ஸ் கேட்கப்படுவதாகவும் கொள்ளலாம். அட்வான்ஸ் 45,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 9,000, முதல் மாத வாடகை 9,000, பீரோ, கட்டில், கிரைண்டர், தண்ணீர் டிரம் என்று எல்லாவற்றையும் ஏற்றிவரும் வண்டிக்கும் ஏற்றி இறக்குவோருக்கும் 18,000, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, சீருடை, வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் ஆகியவற்றுக்கு 12,000. இதுவரை 93,000 ரூபாய். புது நிறுவனம் சம்பளத்தை மாதக் கடைசியில்தான் தரும் என்பதால் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 15,000 ரூபாயையும் சேர்த்தால் மொத்தம் 1,08,000. மாதம் 26,000 ரூபாய் சம்பாதிக்கப்போகும் ஒருவர், அந்தச் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூடப் பார்ப்பதற்கு முன், நான்கு மாதச் சம்பளத்துக்கும் கூடுதலான பணத்தைத் திரட்ட வேண்டியிருக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான குடும்பங்களில் அது நகையிலிருந்து வருகிறது. மனைவியின் வளையலோ சங்கிலியோ வங்கிக்கோ அடகுக் கடைக்கோ போய், அந்தக் கடன் அட்வான்ஸாக மாறி உரிமையாளரிடம் உறங்குகிறது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் 45,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 5,400, மாதத்துக்கு 450. ஆகவே 9,000 ரூபாய் வாடகை என்று சொல்லப்பட்ட வீட்டின் உண்மையான வாடகை முதல் நாளிலேயே 9,450 ரூபாய் ஆகிவிடுகிறது.

காலி செய்யும் நாளில் 'பெயிண்டிங்' என்ற பெயரில் ஒரு மாத வாடகை அட்வான்ஸில் பிடிக்கப்படுவதும் இந்நகரத்து வழக்கம். இதனுடன் தரகுத் தொகையையும் சேர்த்தால் ஒவ்வொரு குடிமாற்றத்துக்கும் 18,000 ரூபாய் திரும்பி வராமல் போகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்க்க, வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதங்களுக்கே எழுதப்பட்டு வந்தன. அந்தப் பழக்கம் இன்றும் நீடிக்கிறது. பதினொரு மாதத்தில் வீட்டை மாற்றும் குடும்பத்துக்கு அந்த 18,000 ரூபாய் மாதத்துக்கு 1,636 ரூபாயாகப் பங்கிடப்படும். மூன்று ஆண்டுகள் அதே வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அது மாதம் 500 ரூபாய்தான். வண்டிக் கூலியைச் சேர்க்காமலேயே மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு வருகிறது. ஐந்நூறு ரூபாய் வாடகை குறைவு என்று இன்னொரு வீட்டுக்கு ஓடுவதைவிட, ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் நீண்ட நாள் குடியிருக்க விடும் உரிமையாளரின் வீட்டைத் தேடிப் பிடிப்பது மலிவு என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியவரும். உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்பதை அவரிடம் பேசித் தெரிந்துகொள்ள முடியாது. எதிர்வீட்டிலோ மாடியிலோ குடியிருப்பவரிடம், முன்னால் இருந்தவர்கள் எத்தனை ஆண்டுகள் இருந்தார்கள், போகும்போது அட்வான்ஸ் முழுதாகக் கிடைத்ததா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அட்வான்ஸுக்கு அடுத்தபடியாக மின்சாரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது; வீடு பார்க்கப் போகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் அது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின் கணக்கு எடுக்கப்படுகிறது. 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தின்படி 300 யூனிட் செலவழித்த இணைப்புக்கு இரண்டு மாதக் கட்டணம் 675 ரூபாய்; பின்னர் வந்த உயர்வால் அது சற்றுக் கூடியிருக்கிறது. ஆனால் உரிமையாளரின் ஒரே இணைப்பிலிருந்து மாடிக்கும் பின்கட்டுக்கும் கம்பி இழுத்து, ஒவ்வொன்றுக்கும் 'சப் மீட்டர்' எனப்படும் துணை மீட்டர் வைத்திருக்கும் வீடுகளில், குடியிருப்போரிடம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலை வாங்கப்படுகிறது. எட்டு ரூபாய் என்றால் 300 யூனிட்டுக்கு 2,400 ரூபாய். 675 எங்கே, 2,400 எங்கே! மாதத்துக்கு ஏறத்தாழ 860 ரூபாய் வாடகைச் சீட்டில் ஏறாத வாடகையாகப் போகிறது. இதில் உரிமையாளரை மட்டும் குறை சொல்வதும் முழு நியாயமாகாது. ஏனெனில் இரண்டு குடித்தனங்களின் மின்சாரம் ஒரே மீட்டரில் ஓடினால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டி, கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதி பறிபோய், 600 யூனிட்டுக்கு அதே கட்டணத்தில் 2,750 ரூபாய் வருகிறது. தனித்தனி இணைப்பாக இருந்திருந்தால் இருவருக்கும் சேர்த்து 1,350 ரூபாயில் முடிந்திருக்கும். ஆகவே வீடு பார்க்கும்போது சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர்ப் பெட்டியைப் பார்ப்பதும், அந்த வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு எண் இருக்கிறதா என்று கேட்பதும் முக்கியம்.

எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்குச் சென்னையின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான், நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே குறைந்த வாடகையில் வாழலாம் என்ற வாய்ப்பு சாதாரணக் குடும்பங்களுக்குத் திறந்தது. குரோம்பேட்டையும் தாம்பரமும் அப்படி வளர்ந்தவை; மேற்கே ஆவடி, திருநின்றவூர்ப் பாதையும் வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பாதையும் அப்படித்தான். புறநகர் ரயிலின் மாதச் சீசன் டிக்கெட் இந்நகரத்தில் கிடைக்கும் மிக மலிவான பயணங்களில் ஒன்று. ஆனால் வீடு நிலையத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தால் அந்த மலிவு காணாமல் போகிறது. ஷேர் ஆட்டோவுக்கு ஒருமுறைக்கு இருபது ரூபாய் என்றாலும் போகவும் வரவும் நாற்பது. மாதம் 26 நாளுக்கு 1,040 ரூபாய், அதாவது சீசன் டிக்கெட்டின் விலையைப் போலப் பல மடங்கு. நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சிறிய வீடு, உள்ளடங்கிய நகரில் இருக்கும் பெரிய வீட்டைவிட ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்குப் பொருத்தமானது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே 8 முதல் கட்டணமில்லை என்பதால், அந்த வெள்ளைப் பலகைப் பேருந்துகள் ஓடும் தடத்தில் வீடு அமைவது வீட்டுப் பெண்களின் நடமாட்டத்துக்கே ஒரு சுதந்திரத்தைக் கொடுக்கிறது.

வாடகை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தால் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். அதுவும் இரண்டு வகையில் கேட்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் ஓரமாக முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. ஒற்றைச் சம்பளத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒரே இரவில் போனால் அவற்றைத் திரும்ப வாங்க ஓராண்டு ஆகும் என்பதால், '2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?' என்று அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரிடம் கேட்பது ஒப்பந்தத்தைப் படிப்பதற்குச் சமமானது. அவர் பெரும்பாலும் கடையின் சுவரிலேயே கையை வைத்துக் காட்டுவார். மற்றொரு வகைத் தண்ணீர் குடிதண்ணீர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்த 2019ஐப் போன்ற ஆண்டு மீண்டும் வராவிட்டாலும், நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் இருபது லிட்டர் கேன் வாங்கியே ஆக வேண்டும். கேன் ஒன்று 35 ரூபாய், இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றால் மாதம் 525 ரூபாய். ஊரில் குழாயடியில் காசில்லாமல் பிடித்த தண்ணீர் இங்கே பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறுகிறது.

இனி, 'ஒற்றை வருமானம்' என்ற சொல்லுக்குள் மறைந்திருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர் என்பது உண்மை; உழைப்பவர் ஒருவர் என்பது பொய். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, அதாவது மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டுப் பதிந்த ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் காட்டியது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்ற இந்த எண் இந்தியா முழுமைக்குமானது. சென்னைக்குப் புதிதாக வந்த குடும்பத்தில் அந்த நேரம் எதற்கெல்லாம் போகிறது என்று பார்த்தால், குடும்பத்தின் பட்ஜெட் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதும் புரியும். சம்பாதிப்பவர் காலை ஏழு மணி ரயிலைப் பிடித்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறார். நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றியும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. சரக்கு வந்த நாளில் போய் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் அவை கிடைக்கின்றன. அந்த நாள் வார நாளாகவே இருக்கும். ரேஷன் அட்டையின் முகவரியை மாற்றுவது, எரிவாயு இணைப்பைப் பழைய முகவர் தரும் மாற்றுச் சீட்டோடு புதிய முகவரிடம் பதிவது, பள்ளிக்கு அழைத்துப் போய் வருவது, மோட்டார் ஓடும் அரைமணி நேரத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, கடையில் வாங்காமல் வீட்டிலேயே மாவரைப்பது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் கணக்கு. அந்த ரூபாயைத் தன் நேரத்தால் ஈட்டித் தருபவர் மனைவி. மகளிர் உரிமைத் தொகையை அறிவித்தபோது பெண்களின் இத்தகைய உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அரசு அதை விளக்கியது. மேலே சொன்ன வருமான வரம்பால் அந்த அங்கீகாரம் இந்த வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. 'வீட்டுல சும்மாதான இருக்காங்க, அவங்களும் ஒரு வேலைக்குப் போனா என்ன?' என்று உறவினர் கேட்கும் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டி இங்கே இல்லை. அந்தப் பாட்டியின் இடத்தைக் காசு கொடுத்து நிரப்பினால் புதுச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். குடிபெயர்வதால் ஒரு குடும்பம் இழக்கும் மிகப் பெரிய சொத்து ஊரிலிருக்கும் உறவுகளின் கைகள்தான்; அதற்கு எந்தச் சம்பள உயர்விலும் ஈடு வைக்கப்படுவதில்லை.

பள்ளியைப் பொறுத்தவரை தயக்கமில்லாமல் ஒன்றைச் சொல்லலாம். இந்த வருமானத்தில் இரண்டு பிள்ளைகளைச் சென்னையின் தனியார் பள்ளிகளில் சேர்ப்பது, வீட்டு வாடகைக்கு இணையான இரண்டாவது வாடகையை ஏற்றுக்கொள்வதாகும். அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டிருக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வேலைநாட்களில் சிற்றுண்டி தருகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழும், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தின் எண்ணும் கையில் இருந்தால் கல்வியாண்டின் நடுவிலும் சேர்க்கலாம். 'பட்டணத்துக்கு வந்தும் கவர்மென்ட் ஸ்கூலா' என்ற பேச்சுக்கு அஞ்சிக் கடன்பட்ட குடும்பங்கள் ஏராளம். அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

சம்பாதிப்பவர் முதலில் தனியாக வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றிலோ நண்பர்களோடு ஓர் அறையிலோ சில மாதங்கள் தங்கிவிட்டுப் பிறகு குடும்பத்தை அழைத்து வரும் பழைய முறைக்கு இன்றும் பொருள் இருக்கிறது. இரண்டு இடங்களில் அடுப்பெரியும் இரட்டைக் குடித்தனம் செலவு கூடியதுதான். ஆனாலும் அந்த மாதங்களில் வேலை நிலைக்குமா என்று தெரிந்துவிடும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துவிடலாம், நகையை அடகு வைக்காமலேயே அட்வான்ஸின் ஒரு பகுதியைச் சேர்த்துவிடலாம். கையில் காசு குறைந்த நாட்களில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தரும் வகையில் 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் இப்படித் தனியாக இருப்பவர்களைத் தாங்கியிருக்கின்றன. மூன்று முதல் ஆறு மாதம் என்ற எல்லையோடு இருக்கும் வரை இந்த ஏற்பாடு நல்லது. அது ஆண்டுக்கணக்கில் நீண்டால் பிள்ளைகள் அப்பாவைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் விருந்தாளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், அந்த இழப்பை எந்த வரவும் ஈடுகட்டாது.

வீடு தேடும் கட்டத்தில் பணத்தால் தீராத ஒரு தடையும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. அட்வான்ஸ் முழுவதையும் கையில் வைத்திருப்பவரிடமும் 'நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?' என்று கேட்டுவிட்டு, மறுநாள் வீட்டை உறவினருக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்லும் வழக்கம் இந்நகரத்தில் இன்னும் இருக்கிறது. சாதியைக் கேட்பவர்களும், சமயத்தைக் கேட்பவர்களும், சைவமா அசைவமா என்ற கேள்வியின் மூலம் இரண்டையும் கேட்டுவிடுபவர்களும் உண்டு. இப்படி விலக்கப்படும் குடும்பம் கிடைத்த வீட்டைக் கிடைத்த வாடகைக்கு எடுத்துக்கொள்ள நேர்கிறது. ஆகவே பாகுபாடு என்பது அவமானமாக மட்டும் நின்றுவிடாமல் மாதாமாதம் கட்ட வேண்டிய கூடுதல் வாடகையாகவும் அந்தக் குடும்பத்தின் மேல் ஏறுகிறது. இது தவறு, இதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும், மாதம் 26,000 ரூபாயில் நால்வர் சென்னையில் வாழ முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே விடை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் குடிபெயரும் நாளில் கையிலிருக்கும் பணம் குறைந்தது ஐந்து மாதச் சம்பளத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி எந்தச் செலவுக்கும் தொடப்படாத கையிருப்பாக நிற்க வேண்டும். அந்தக் கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு ஒரு காய்ச்சலும், இரண்டு நாள் சம்பளப் பிடித்தமும், ஒரு தங்கை கல்யாணமும் போதும். கைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன் வாசலில் வந்து நிற்கும்.

இதைப் படிப்பவர்களில் சென்னையில் வாடகைக்கு விடும் வீடு உள்ளவர்களும் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். குடியிருந்தவர் காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு ஒரு மாதம் என்பது மிக நீண்ட காலம். பழைய வீட்டின் அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் புதிய வீட்டின் அட்வான்ஸைக் கொடுக்க முடியும், அதைக் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும், சாமான் ஏற்றிய வண்டி அதுவரை தெருவில் நிற்கும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்காதீர்கள். அவர்கள் சாவியைக் கொடுக்கும் அன்றே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.